கூண்டு இருக்கிறது, கணக்கு எங்கே? வட ஆற்காட்டுப் பறவை வளர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மாடியிலும் கொல்லையிலும் வெளிநாட்டுப் பறவை வளர்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

2019இல் மாவட்டம் மூன்றாகிவிட்டது. ஆனால் நமக்குள் பறவை கைமாறுவது இன்னமும் பழைய வட ஆற்காட்டுக் கணக்கில்தான். சத்துவாச்சாரியில் பொரித்த குஞ்சு ஆம்பூருக்குப் போகும். ஆம்பூரில் செட்டான ஜோடி ஆற்காட்டுக்குப் போகும். ஆற்காட்டுக்காரர் ஒருவர் அதன் குஞ்சைக் காட்பாடிக்கே திரும்ப விற்பார். அதனால் தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். காட்பாடியில் வீட்டு மாடியில் ஜாவா குருவி, ஃபிஷர் என்ற குட்டிக் கிளி, சன் கனூர் என்ற கிளியில் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பறவையைக் கூண்டில் வைப்பதே பாவம் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பறவைக்கும் காலில் எண் பொறித்த ஒரு வளையம், நோட்டில் ஒரு வரி.

இவ்வளவுதானா என்று தோன்றும். இது இல்லாததால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று சொன்னால் புரியும்.

முதலில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலியாவில் கூட்டம் கூட்டமாகத் திரிபவை. அவற்றின் இனத்துக்கு நம்மால் ஆவதும் இல்லை, கெடுவதும் இல்லை. ஆனால் அதே கடையில், அதே வரிசையில், பக்கத்துக் கூண்டில் இருக்கும் ஜாவா குருவியைப் பாருங்கள். சாம்பல் உடம்பு, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மெழுகில் செய்தது போன்ற தடித்த சிவப்பு அலகு. இந்தோனேசியாவின் ஜாவா, பாலித் தீவுகளில் நெல்வயல்களில் இருந்த பறவை. நெல்லைத் தின்கிறது என்று குடியானவர்கள் விரட்டினார்கள். அழகாக இருக்கிறது என்று வலைக்காரர்கள் பிடித்தார்கள். இன்று சொந்த ஊரிலேயே அதைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். நம்மிடமோ ஜோடி இவ்வளவு என்று பேரம் பேசி வாங்கும் பறவை.

சன் கனூரும் அப்படித்தான். வேலூரில் சன் கனூர் இல்லாத தெரு குறைவு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அதன் ஊர் தென் அமெரிக்காவில், கயானாவும் பிரேசிலின் ரோரைமா மாநிலமும் தொட்டுக்கொள்ளும் பக்கம். வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அங்கே காலி செய்தார்கள். காட்டில் மிச்சம் இருப்பவை ஓரிரு ஆயிரங்கள்தான் என்று கணிக்கிறார்கள். ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளியின் கதை இன்னும் மோசம். கானா நாட்டில் 1992க்குப் பிறகு 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டது. அதனால்தான் 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் அதை, நாடுகளுக்கிடையே வனவுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது.

இதைச் சொன்னவுடன் நம்மில் சிலர் மார்தட்டுவது எனக்குத் தெரியும். "பார்த்தாயா, காட்டில் அழிந்தாலும் நாங்கள் கூண்டில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்று. இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எங்கே பிறந்தது, யாருக்குப் பிறந்தது என்றே தெரியாத ஒரு பறவையை எந்த நாடும் தன் காட்டில் விடாது. நம் சன் கனூர்களில் எத்தனை அசல், எத்தனை அதன் பங்காளி இனமான ஜெண்டே கனூரோடு கலந்தது என்று நம்மாலேயே சொல்ல முடியாது. வெள்ளை ஜாவா, சில்வர் ஜாவா, ஃபான் ஜாவா என்று நிறத்துக்கு விலை வைத்து, காட்டு நிறத்தில் இருப்பதை 'நார்மல்' என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதும் நாம்தான். காப்பாற்றுவது என்றால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் ஒரு இனம் பட்ட பாட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் பேர் தெரிந்த பறவை அது, ஸ்பிக்ஸ் மக்காவ்.

பிரேசிலின் வடகிழக்கில் பாஹியா மாநிலம். குராசா என்ற சிற்றூரைச் சுற்றி முள்ளும் கள்ளியுமான வறண்ட காடு. ஓடைக்கரையில் மட்டும் பெரிய மரங்கள். அந்த மரப்பொந்துகளில்தான் இந்த நீலக்கிளி வாழ்ந்தது. மரத்தை வெட்டினார்கள், குஞ்சைத் திருடி விற்றார்கள். 1990இல் தேடிப் போனபோது காட்டில் கிடைத்தது ஒரே ஒரு ஆண். துணைக்கு ஆள் இல்லாமல் அது நீலச்சிறகு மக்காவ் என்ற வேறு இனப் பெட்டையோடு சேர்ந்து திரிந்தது. 1995இல் கூண்டில் இருந்த ஒரு ஸ்பிக்ஸ் பெட்டையைக் கொண்டுபோய் அதனிடம் விட்டார்கள். சில வாரங்களில் அந்தப் பெட்டையைக் காணவில்லை. 2000 அக்டோபருக்குப் பிறகு அந்த ஆணையும் யாரும் பார்க்கவில்லை.

அப்போது உலகத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் கூண்டுப் பறவைகள். அதிலும் பெரும்பகுதி உயிரியல் பூங்காக்களில் இல்லை. சுவிட்சர்லாந்து, பிலிப்பைன்ஸ், கத்தார் என்று நம்மைப் போன்ற தனியாரிடம். நம்மைவிடப் பெரும் பணக்காரர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பறவை வந்த வழி நேராக இல்லாததால் பலர் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் எத்தனை, எது எதற்குப் பிறந்தது, எது செத்தது என்று ஒழுங்கான கணக்கு சேரவே பல ஆண்டுகள் ஆயின. 2002இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு வீட்டுக் கூடத்தில் வளர்ந்த கிளியை, அது ஸ்பிக்ஸ் என்று கண்டுபிடித்துப் பிரேசிலுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த பறவை ஒரு வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறது.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தபோது, கைவிரல்களுக்குள் அடங்கும் சில மூதாதைகளின் வாரிசுகள்தான் அத்தனையும் என்று தெரிந்தது. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து முட்டை கூமுட்டையாகப் போயிற்று, பொரிப்பது குறைந்தது. செயற்கைக் கருவூட்டல் வரைக்கும் போனார்கள். 2019இல் காட்டில் அற்றுப்போன இனம் என்று அறிவிப்பு வந்தது. 2020 மார்ச்சில் ஜெர்மனியில் இருந்து 52 பறவைகள் விமானத்தில் பிரேசில் போயின. 2022 ஜூனில் முதல் எட்டு பறவைகளைத் திறந்துவிட்டார்கள். தனியாக விடவில்லை. காட்டு வழி தெரிந்த எட்டு நீலச்சிறகு மக்காவ்களையும் கூடவே விட்டார்கள். அப்புறம் காட்டிலேயே குஞ்சும் பொரித்தன. ஆனால் 2025இல் அங்கே சர்க்கோ வைரஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டு எல்லாம் மறுபடி சிக்கலானது. இறகும் அலகும் கெட்டுப்போகுமே, நம் ஃபிஷர் கூண்டுகளில் பார்த்திருப்பீர்கள், அதேதான். நம் நாட்டிலும் 26 ஸ்பிக்ஸ்கள் இருக்கின்றன, குஜராத் ஜாம்நகரில் ஒரு தனியார் காப்பகத்தில். 2023இல் வந்தவை. அவை வந்த விதம் பற்றிப் பிரேசில் கேள்வி எழுப்பி சைட்டீஸ் கூட்டங்கள் வரை போனது. பறவையைவிடக் காகிதம்தான் அதிகம் பேசப்பட்டது. பேசப்படத்தான் வேண்டும்.

உயிரியல் பூங்காக்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி. அழியும் நிலைக்கு வந்த ஐரோப்பியப் பைசன் எருதுக்கு 1932லேயே வம்சாவளிப் பேரேடு அச்சடித்துவிட்டார்கள். இன்று அரிய பறவைகள் பலவற்றுக்கும் அப்படி ஒரு பேரேடு இருக்கிறது. எந்தப் பறவைக்குக் கூட்டத்தில் சொந்தக்காரர்கள் குறைவோ அதற்குத்தான் முதலில் ஜோடி தேடுவார்கள். அது எவ்வளவு அவலட்சணமாக இருந்தாலும் சரி. நம் நாட்டில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பூங்காவும் பிறப்பு, இறப்பு, வரவு, பரிமாற்றம் என்று ஆண்டுதோறும் கணக்கு கொடுக்க வேண்டும். கணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் நம் அமிர்தி உயிரியல் பூங்கா, வண்டலூரோடு ஒப்பிட்டால் சின்னஞ்சிறிது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வருகிற இடம். அங்கே ஒரு பறவை பொரித்தாலும் செத்தாலும் எங்கோ ஒரு ஏட்டில் வரி விழும். சத்துவாச்சாரி மாடியில் லட்ச ரூபாய் மக்காவ் செத்தால் வாட்ஸ்அப்பில் ஒரு அழுகை பொம்மை விழும்.

தனியார் வளர்ப்பாளர்களால் ஆகாது என்றும் இல்லை. பாலி மைனாவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம். பாலித் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை. 1999இல் காட்டில் விடுவதற்காக வளர்த்து வைத்திருந்த 39 பறவைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆயுதத்தோடு வந்த கும்பல் அள்ளிக்கொண்டு போனது. 2001 வாக்கில் காட்டில் ஆறே பறவைகள். அதன் பிறகு இந்தோனேசிய அரசு தனியாருக்கு உரிமம் கொடுத்து, வளையம் போட்டு, பதிவு வைத்து வளர்க்க விட்டது. கூண்டில் பிறந்தது சட்டப்படியே கிடைக்கிறது என்று ஆனால் திருட்டுப் பறவைக்கு மவுசு குறையும் என்ற கணக்கு. பக்கத்தில் நுசா பெனிடா தீவில் 2006 முதல் பறவைகளை விட்டபோது, கிராமங்களே தங்கள் ஊர்க்கட்டுப்பாட்டில் அதைச் சேர்த்துக்கொண்டன: இந்தப் பறவையைப் பிடிப்பவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன், திருட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் வளையமும் பேரேடும் வைத்த வளர்ப்பாளர்களால் ஒரு இனத்துக்கு உபயோகம் உண்டு என்பதற்கு அது சாட்சி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். எத்தனையாவது ஈற்று, தாய் எவ்வளவு கறந்தது, எந்த ஊர் மாடு என்று கேட்பார். சுழி பார்ப்பார். அந்த மாட்டைவிடக் கூடுதல் விலை கொடுத்துக் குஞ்சு வாங்கும் நாம் கேட்பது இரண்டே கேள்வி: "தானா சாப்பிடுதா? கடிக்குமா?" இதன் அப்பன் ஆத்தாள் யார் என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் நாலு குஞ்சு வாங்கி, டிஎன்ஏ பார்த்து, இரண்டு ஆண் இரண்டு பெண் என்று வந்ததும் "ரெண்டு ஜோடி செட் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறோம். நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டிஎன்ஏ அட்டை ஆணா பெண்ணா என்று சொல்லுமே தவிர அண்ணனா தங்கையா என்று சொல்லாது. இரண்டு தலைமுறை போனதும் முட்டைக்குள்ளேயே குஞ்சு சாகிறது, கால் வளைகிறது என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். கால்சியம் கொடு, கடல் நுரை வை, முருங்கைக்கீரை போடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் கோளாறு தீனியில் இல்லை.

ஆம்பூரில் ஒரு பாய் இருக்கிறார். தோல் பதனிடும் ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது ஜாவாவும் ஃபிஷரும்தான், விலை உயர்ந்த பறவை ஒன்றும் இல்லை. ஆனால் வடக்கத்திக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பிறந்ததும் வாங்கியதும் வரவு. விற்றதும் செத்ததும் செலவு. ஒவ்வொரு வரியிலும் வளைய எண், தாய் எண், தந்தை எண், தேதி, யாரிடமிருந்து, யாருக்கு. சாவு மட்டும் சிவப்பு மையில். "22, பெட்டை, முட்டை அடைப்பு" என்று ஒரு வரி. "31, பூனை" என்று ஒரு வரி. அதற்குமேல் விளக்கம் இல்லை.

அந்தச் சிவப்பு வரிகளை ஒருநாள் அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் கத்திரி வெயில் வாரங்களில் விழுந்திருந்தது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததா. தகர ஷீட்டுக்குக் கீழே இருந்த கூண்டு வரிசையில்தான் சாவெல்லாம். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, பக்கவாட்டில் கோணிச்சாக்கு கட்டி மத்தியானம் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். அடுத்த கோடையில் சிவப்பு மைக்கு வேலை குறைந்தது. நோட்டு இல்லாவிட்டால் "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

இன்னொன்று. புது ரத்தம் வேண்டும் என்று குடியாத்தத்தில் ஒருவரிடமும் இராணிப்பேட்டையில் ஒருவரிடமும் ஃபிஷர் வாங்கினார். ஜோடி சேர்ப்பதற்கு முன் இரண்டு பேருக்கும் போன் போட்டு, யாரிடம் வாங்கினீர்கள், அவர் யாரிடம் வாங்கினார் என்று நூல் பிடித்துக்கொண்டே போனார். இரண்டு நூலும் வாணியம்பாடியில் ஒரே மாடியில் போய் முடிந்தது. சேர்க்கவில்லை. அதே நோட்டுதான், பிறகு ஒரு குஞ்சுக்கு இறகு நோய் வந்தபோது அதன் கூடப் பிறந்தவை எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று பார்த்து, எல்லோருக்கும் அன்றைக்கே சொல்ல உதவியது. நம்மில் எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

வளையம் போடுவதையும் அவரிடம்தான் பார்த்தேன். ஜாவா குஞ்சுக்கு எட்டு, ஒன்பது நாள் வாக்கில் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கழன்று விழும், பின்னால் போனால் ஏறாது. குஞ்சை இடது உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, முன்விரல் மூன்றையும் ஒன்றாகக் குவித்து வளையத்தை அதன் வழியே நுழைத்து, பின்விரலைக் காலோடு சேர்த்து மடக்கி, அதன் மேலாக மேலே தள்ளுகிறார். பிறகு பல்குச்சி முனையால் பின்விரலை மெல்ல வெளியே எடுத்துவிடுகிறார். ஒரு நொடி, அவ்வளவுதான். கிளி இனத்துக்கு விரல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்பதால் கொஞ்சம் மாறும். வளைய அளவும் இனத்துக்கு இனம் மாறும். அளவு தப்பினால் வளர்ந்த பிறகு கால் வீங்கிப் போய்விடும், அதில் மட்டும் குத்துமதிப்பு வேண்டாம். இன்னொரு சங்கதி: பளபளக்கும் வளையத்தைக் குப்பை என்று நினைத்துத் தாய்ப்பறவை குஞ்சோடு சேர்த்துக் கூட்டுக்கு வெளியே இழுத்துப் போடும். அதனால் பாய் வளையத்தை அடுப்புக்கரியில் புரட்டி மங்கலாக்கி, அந்தி சாயும் நேரத்தில் போடுகிறார். விடிவதற்குள் பழகிவிடுகிறது.

இப்படி வெட்டு இல்லாமல் முழு வட்டமாக இருக்கும் மூடிய வளையத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அதைக் குஞ்சுக்கு மட்டும்தான் போட முடியும். காட்டில் பிடித்து வந்த பெரிய பறவைக்கு ஏறாது. கூண்டில் பிறந்தது என்பதற்கு அதைவிட எளிய அத்தாட்சி இல்லை.

சட்டத்துக்கும் வருகிறேன். இதில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி வதந்தி ஓடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. சைட்டீஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்கள் அதன் நாலாவது அட்டவணையில் வந்துவிட்டன. அவற்றை வைத்திருப்பது குற்றம் இல்லை. பதியாமல் வைத்திருப்பது குற்றம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வைத்திருப்பதை மட்டும் அல்ல, பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். பட்ஜி, காக்டெய்ல், பீச் ஃபேஸ் லவ் பேர்ட் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அவை சைட்டீஸ் பட்டியலில் இல்லை. ஃபிஷர், சன் கனூர், ஜாவா, மக்காவ், காக்கட்டூ எல்லாம் உண்டு. ஆப்பிரிக்கன் கிரே போல முதல் பட்டியலில் இருப்பதை இனப்பெருக்கம் செய்தால் தனியாக உரிமமும் வாங்க வேண்டும். "நம்ம ஊர்ல யாரு வந்து பார்க்கப் போறா" என்ற பேச்சைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். நோட்டு வைத்திருப்பவருக்கு இந்தப் படிவம் பத்து நிமிட வேலை. நோட்டு இல்லாதவர் பொய்யைத்தான் நிரப்ப வேண்டும்.

இந்த மடல் வனத்துறையினர் கண்ணிலும் படலாம். ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு விண்ணப்பம். எங்களில் பலர் ஆட்டோ ஓட்டுபவர்கள், ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். அந்த இணையதளத்தின் ஆங்கிலமே அவர்களுக்கு மிரட்டலாக இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, தமிழில் விளக்கிப் பதிய உதவினால் ஒளித்து வைப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள். பறவையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பலரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தை உங்களால் மட்டும்தான் போக்க முடியும்.

நம் ஊர்ப் பறவைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, சில்லை, மலை மைனா எதற்கும் நான் சொல்லும் நோட்டு பொருந்தாது. அவற்றைக் கூண்டில் வைக்கவே கூடாது. 'கலர் ஃபின்ச்' என்று சாயம் பூசி விற்பது பெரும்பாலும் நம் வயற்காட்டுச் சில்லைதான். குளித்தால் நிறம் போகும். நம்மில் சிலர் ஒரு மூலையில் பச்சைக்கிளியும் வைத்துக்கொண்டு "இது சும்மா, பாட்டி ஆசைப்பட்டாங்க" என்கிறார்கள். பாட்டிக்கு ஒரு காக்டெய்ல் வாங்கிக் கொடுங்கள்.

பச்சைக்கிளி என்றதும் மொரிஷியஸ் ஞாபகம் வருகிறது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள நாடு. அங்கே நம் பச்சைக்கிளிக்கு ஒரு பங்காளி உண்டு, எக்கோ கிளி என்று பேர். 1980களில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பறவைகள்தான் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், யாரோ கொண்டுபோய் விட்ட நம் பச்சைக்கிளி அங்கே பெருகி, மரப்பொந்துக்கு எக்கோ கிளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பறவைக் காப்பாளர்கள் அந்தப் பச்சைக்கிளியையே கூண்டில் வைத்து எக்கோ குஞ்சுகளுக்குச் செவிலித்தாய் ஆக்கினார்கள். கூடு கூடாக ஏறி, குஞ்சு குஞ்சாக எண்ணி, வளையம் போட்டு, எண் எழுதி வைத்தார்கள். இன்று அங்கே எழுநூறுக்கும் மேல் எக்கோ கிளிகள். இளஞ்சிவப்புப் புறா என்ற இன்னொரு பறவையும் ஏறக்குறைய அதே வழியில் மீண்டது. 1990 வாக்கில் காட்டில் பத்துக்குள் இருந்தது, இப்போது நூற்றுக்கணக்கில். அந்தப் புறாக்குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்தவையும் கூண்டில் வளரும் சாதாரணப் புறாக்கள்தான்.

நாம் மொரிஷியஸ் ஆக வேண்டாம். நம் கூண்டுக் குஞ்சு கயானாக் காட்டில் பறக்கும் என்ற கனவும் வேண்டாம். அடுத்த சீசனுக்குள் முடிகிற வேலையை மட்டும் சொல்கிறேன்.

மூடிய வளையத்தைத் தனித்தனியாக வாங்கினால் ஆளுக்கு ஒரு எண் வரிசை வரும், ஒன்றோடொன்று முட்டும். ஒரே ஆர்டராகப் போடுவோம். வளையத்தில் முதலில் 'வஆ' என்று வட ஆற்காட்டுக்கு இரண்டு எழுத்து, பிறகு வளர்ப்பவருக்கு ஒரு எண், பிறகு ஆண்டு, பிறகு பறவை எண். தமிழ் எழுத்து பொறிக்க முடியாது என்று வளையக்காரர் சொன்னால் மாவட்டத்துக்கு ஒரு இலக்கம் வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வளர்ப்பவர் எண்களுக்கான ஏட்டை ஆம்பூர் பாயிடமே கொடுக்கலாம் என்பது என் எண்ணம்; கேட்டுப் பார்த்தேன், "கணக்கு எழுதுறது என்ன கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். விற்கும்போது பறவையோடு ஒரு சீட்டு போக வேண்டும்: வளைய எண், தாய், தந்தை, பொரித்த தேதி, கலப்பு இருந்தால் கலப்பு என்று ஒளிக்காமல். சீட்டு இல்லாத குஞ்சுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு மாதம் அப்படிக் கேட்டால் போதும், விற்பவர்கள் தாமாகவே எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

வளையம் ஏறாத பெரிய பறவைகளையும் விட வேண்டாம். அவற்றுக்கு, வெட்டு வைத்துக் காலில் சுற்றி மூடும் திறந்த வளையம் போட்டு, நோட்டில் "பெற்றோர் தெரியாது" என்று எழுதுங்கள். கற்பனையாக எதையும் நிரப்ப வேண்டாம். தெரியாது என்று எழுதிய வரியும் கணக்குதான்.

ஜோடிகளை முட்டையிடும் பெட்டிக்கு விடுவது மழைக்காலம் தொடங்கும்போது. அதற்கு முன் வளையம் கைக்கு வர வேண்டும் என்றால் ஆடி மாதத்துக்குள் ஆர்டர் போயாக வேண்டும். யாருக்கு எந்த இனத்துக்கு எத்தனை வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். இனத்தின் பேரைத் தெளிவாகப் போடுங்கள், அளவு அதை வைத்துத்தான்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு மாடிக்கூண்டுக்காரன்